ஜூலை விடுமுறைக்கு நாடகப் பட்டறையா, தொழிற்பயிற்சியா?

டர்பனில் குளிர்கால விடுமுறை ஏறக்குறைய மூன்று வாரம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பத்து வயதில் ஒன்றும் பதினாறு வயதில் ஒன்றுமாகப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஜூன் பிறந்ததுமே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எதற்குக் கட்டுவது? சின்னதற்கு நாடகத்துக்குக் கட்டுங்கள். பெரியதற்குத் தொழில் வேண்டும்தான், ஆனால் அது இரண்டு வார கோர்ஸில் வராது.

நாடகப் பட்டறையில் உடை, மேடை, கடைசி நாள் நிகழ்ச்சி இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நல்ல பட்டறையில் ஆரம்பத்தில் வசனமே இருக்காது. நான் பார்த்த ஒரு வகுப்பில் தலையைக் குனிந்தே பேசுகிற ஒரு சிறுமியிடம் பெயரைச் சொல்லச் சொன்னார் ஆசிரியை. அவள் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார், சுவரில் முதுகு முட்டும்வரை. அந்தப் பிள்ளை கத்தவில்லை, ஆனால் குரல் சுவர்வரை போய்ச் சேர்ந்தது. பள்ளியில் இது கிடைக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. கிரேடு 7 முதல் 9 வரை கலைப் பாடத்தில் நடனம், நாடகம், இசை, ஓவியம் என்ற நான்கில் இரண்டுதான் எடுக்கிறார்கள், உங்கள் பிள்ளையின் பள்ளியில் நாடகம் விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், தெருக்கூத்து சொல்லிக் கொடுப்பார்களா என்று. 1860 முதல் இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் கூடவே கொண்டுவந்து விடிய விடிய ஆடிய கலை அது. வசனத்தைப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படித்தாலும் பரவாயில்லை, வாயில் தமிழ் வருகிறதே.

சரி, தொழிற்பயிற்சி. விடுமுறை கோர்ஸில் மூன்று முள் பிளக்கைப் பிரித்து, பழுப்பு எங்கே, நீலம் எங்கே, பச்சை மஞ்சள் எங்கே என்று கையாலேயே மாட்டிப் பார்க்கிற பையனுக்கு ஆசை பிறக்கும், அது நல்லதுதான். ஆனால் கடைசியில் தருகிற சான்றிதழ் பெரும்பாலும் வந்துபோனதற்கான தாள். கட்டணம் கட்டுவதற்கு முன் அது க்யூசிடிஓ, அதாவது தொழிற்பயிற்சிகளின் தரத்தைப் பார்க்கிற தேசிய அமைப்பு, அங்கீகரித்த பயிற்சியா என்று கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான வழி டர்பனில் இருக்கிற தெக்வினி மாதிரி அரசு டிவெட் கல்லூரிதான், அதாவது தொழிற்கல்விக் கல்லூரி. கிரேடு 9 முடித்தாலே என்சிவி என்கிற தொழிற்சான்றிதழ் படிப்பில் சேரலாம். மூன்று வருடம், முடித்தால் மெட்ரிக்குக்கு, அதாவது கிரேடு 12க்கு, இணையான நிலை. எந்தெந்தப் பிரிவு நடக்கிறது என்று கல்லூரியிலேயே நேரில் விசாரியுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் வேலையிடத்திலேயே அப்ரண்டிஸாகப் பழகுவது, டிரேட் டெஸ்ட் என்கிற தொழில் தேர்வு, அதில் தேறினால் ரெட் சீல் என்கிற தொழில் சான்றிதழ். வருடக்கணக்கில் ஆகும், ஆனால் அந்தத் தாளுக்கு எந்தத் தொழிற்கூடத்திலும் மதிப்பு உண்டு.

அதுவரை பெரிய பிள்ளையும் வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை. சின்னதைச் சேர்க்கிற நாடகப் பட்டறையிலேயே விளக்கு, ஒலி, மரச்சட்டம் அடிப்பது என்று மேடைக்குப் பின்னால் ஆயிரம் வேலை கிடக்கும். பெரியவன் உதவிக்கு வரட்டுமா என்று கேளுங்கள், அநேகமாகச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.