ஈச்சிலம்பற்றுக் காணிக்கு ஏற்ற காட்டுக் கமரா எது?

மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் முன்னால் வந்ததும் தானாகப் படம் எடுக்கும் காட்டுக் கமரா வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மெகாபிக்சலை முதலில் மறந்துவிட வேண்டும். மலிவு விலைக் கமராக்களில் 36, 48, 64 என்று எழுதியிருப்பது உள்ளே படம் பிடிக்கும் சென்சரின் உண்மையான அளவு அல்ல. சென்சர் பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான். மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. கோப்பு பெரிதாகும், மெமரி சிப் சீக்கிரம் நிறையும், பன்றியின் காது ஒரு மயிரளவும் கூடுதலாகத் தெளிவாகாது. என்னிடம் இருக்கும் கமராக்களைக் கிடைக்கும் சிறிய அளவுகளில் ஒன்றுக்குக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். எந்த மிருகம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் வந்தது என்று பார்க்க அது தாராளமாகப் போதும்.

எங்கள் காணி ஈச்சிலம்பற்றுப் பக்கம், காட்டை ஒட்டியது. மாரிக்குக் கச்சானும் சோளனும் போடுகிறோம். நான் வேலை பார்ப்பது திருகோணமலை டவுனில். கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூர் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும். காவல் குடிலில் இருப்பது சித்தப்பா. இந்தத் தூரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு வளவில் கட்டும் கமரா நின்றுபோனால் அடுத்த நாளே போய்ப் பார்க்கலாம். எங்கள் காணியில் நின்றால் அடுத்த லீவு வரை அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. ஆகவே எனக்குப் படத்தின் அழகைவிட கமரா நின்று பிடிப்பதுதான் முக்கியம்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே வெண்வால் மான் பருவம் தொடங்குமுன் காணியை நோட்டம் பார்த்து, கொம்புள்ள கிடா எந்தத் தடத்தில் நடக்கிறது என்று அறிந்து வைக்கக் கமரா கட்டுகிறார்கள். இங்கே இலங்கையில் கதை வேறு. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. யானையும் சிறுத்தையும் கரடியும் அப்படித்தான். எங்களுக்குக் கமரா தேவைப்படுவது பயிரைக் காக்க. ஆனால் தடத்தைப் படிக்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே என்பதால், அவர்களின் தொழில்நுட்பப் பேச்சு நமக்கும் அப்படியே பயன்படுகிறது.

முதலில் நான் வாங்கியது ஓர் இணையக் கடையில் கிடைத்த, பெயரே கேள்விப்படாத மலிவுக் கமரா. கூரியரில் வந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேலியில் கட்டிய பிறகு வந்த படங்களில் முக்கால்வாசி வெறும் புல். இடைக்கிடை ஒரு வால், ஒரு பின்னங்கால். காரணம், மிருகம் முன்னால் வந்ததை உணர்ந்து படம் எடுக்க அது ஒரு செக்கனுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நடந்து வரும் பன்றிக்கு அந்த நேரம் கமராவைக் கடந்து போகத் தாராளமாகக் காணும். அதைவிட மோசம், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது தூங்கிய நேரம். பன்றி கூட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். முதலாவதைப் பிடித்த கமரா விழிப்பதற்குள் குட்டிகள் எல்லாம் கச்சானுக்குள் இறங்கிவிடும். அந்தச் சிப்பை நம்பினால் எங்கள் காணிக்கு வருவது ஒற்றைப் பன்றி. உழுதுவிட்டுப் போன வரிகளைப் பார்த்தால் ஒரு பட்டியே வந்திருக்கிறது.

ஆகவே வாங்கும்போது இந்த இரண்டு நேரங்களையும் கேளுங்கள்: உணர்ந்ததிலிருந்து படம் வரை எவ்வளவு, படத்திலிருந்து அடுத்த படம் வரை எவ்வளவு. முதலாவது அரைச் செக்கனுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவதைப் பல கம்பனிகள் பெட்டியில் போடுவதே இல்லை. பயன்படுத்தியவர்கள் போட்ட காணொளிகளைத் தேடிப் பார்ப்பதுதான் வழி.

அடுத்ததாக வந்தது கார்ட்ப்ரோ ஏ3எஸ். கனடாவில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு கொண்டுவந்தார். வட அமெரிக்காவில் இது 50, 60 டொலர் அளவில் போகும் சாமான். இன்றைக்கும் எங்கள் வேலியில் நிற்பவை இவைதான், இந்த விமர்சனமும் முக்கியமாக இவற்றைப் பற்றித்தான். சட்டென்று எடுக்கிறது. தடத்துக்கு நேர் குறுக்காகக் கட்டாமல் கொஞ்சம் சரித்து, தடத்தின் நீளத்தைப் பார்க்கிற மாதிரிக் கட்டினால் கூட்டத்தில் பெரும்பாலானவை படத்தில் விழுகின்றன. உள்ளே சின்னத் திரை இருப்பதால் கட்டிய இடத்திலேயே கோணம் சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். இது சின்ன வசதி போலத் தெரியும். திரை இல்லாத கமராவை மரத்தில் கட்டிவிட்டு, அது ஆகாயத்தைப் பார்க்கிறதா தரையைப் பார்க்கிறதா என்று தெரியாமல் பஸ் ஏறுவது எவ்வளவு எரிச்சல் என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

இரவுப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் எதிரிகள் எல்லாம் இரவுக்காரர்கள். கமராவின் அகச்சிவப்பு விளக்குகளில் இரண்டு வகை. 850 நனோமீற்றர் விளக்கு தூரம் போகும், படமும் தெளிவு, ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும். 940 நனோமீற்றர் கண்ணுக்கே தெரியாது, பதிலுக்குத் தூரம் குறைவு, படத்தில் மணல் தூவினது போல ஒரு கரடு இருக்கும். ஏ3எஸ் இரண்டாவது வகை. கம்பனி சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம். எங்கள் காணியில் பன்றியைப் பன்றி என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒரு பதினைந்து மீற்றருக்குள்தான். அதற்கு அப்பால் இரண்டு கண் மினுங்கும், அவ்வளவுதான். ஓடும் மிருகம் இரவில் கலங்கித்தான் தெரியும், இந்த விலையில் எல்லாக் கமராவும் அப்படித்தான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் களவு போகாமல் இருக்க 940 நல்லது. ஆள் போகாத உட்காட்டோரம் என்றால் நான் 850ஐத்தான் எடுப்பேன்.

பகலில் வேறொரு சிக்கல். இந்தக் கமராக்கள் அசைவை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றாடலின் சூட்டிலிருந்து வேறுபட்ட சூடு ஒன்று நகர்கிறதா என்று பார்க்கின்றன. வைகாசி, ஆனியில் சோளகக் காற்று அடித்து மத்தியான வெயில் 36, 37 பாகைக்கு ஏறும்போது, மிருகத்தின் உடம்புச் சூடும் வெளிச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. அப்போது மாடு முன்னால் போனாலும் கமரா சும்மா இருக்கும். அது பழுதில்லை, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எதிர்ப்புறமாக, வெயிலில் காய்ந்த இலை காற்றில் ஆடினால் படம் படமாக எடுத்துத் தள்ளும். முன்னால் இருக்கும் புல்லையும் கொப்பையும் வெட்டி, கமராவை வடக்கோ தெற்கோ பார்க்க வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கிழக்கு மேற்காக வைத்தால் உதயமும் அஸ்தமனமும் சிப்பை நிரப்பிவிடும்.

சரி, பற்றரி. கமராவின் உண்மையான விலை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஏ3எஸ்ஸுக்கு ஏஏ பற்றரி எட்டு வேண்டும். டவுன் கடைகளில் கிடைக்கும் மலிவு பற்றரியைப் போட்டால் பகல் படம் வரும், இரவில் விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் வலு காணாது. நல்ல அல்கலைன் போட்டால் படம் மட்டும் எடுக்கும் அமைப்பில் மாதக்கணக்கில் ஓடுகிறது. வீடியோ வைத்தால் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும், ஏனென்றால் இரவு வீடியோ ஓடும் நேரம் முழுவதும் விளக்கும் எரிய வேண்டும். லிதியம் ஏஏ எல்லாவற்றிலும் திறம், கடைசி வரை 1.5 வோல்ட்டை விடாமல் பிடிக்கும். ஆனால் விலை கூட, திருகோணமலையில் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். அதோடு கமராவின் பற்றரி அடையாளம் நிறைவாகவே காட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். சார்ஜ் ஏற்றும் பற்றரி 1.2 வோல்ட் என்பதால் சில கமராக்கள் அதை அரைவாசி தீர்ந்ததாக எண்ணி முன்கூட்டியே நிறுத்திவிடும். வாங்குமுன் அந்தக் கமரா அதை ஏற்குமா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடவே கூடாது.

மச்சானின் நண்பர் ஒருவர் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கத் தந்த பிரவுனிங் ஸ்ட்ரைக் ஃபோர்ஸையும் கட்டிப் பார்த்தேன். ஆறு பற்றரிதான், இரவுப் படம் ஏ3எஸ்ஸைவிட ஒரு படி மேல், அடுத்த படத்துக்கு எழும்புவதும் வேகம். விலை 100 டொலருக்கு மேல். ஒன்றே ஒன்று கட்டினால் போதும் என்கிற இடம் என்றால் அதைத்தான் சொல்லுவேன். எங்கள் வேலியில் இடைவெளி பல. அந்தக் காசுக்கு ஏ3எஸ் இரண்டு வைத்தால் இரண்டு வாசலைப் பார்க்கலாம். காட்டோரக் காணிக்கு ஒரு நல்ல கண்ணைவிட இரண்டு சுமாரான கண் மேல் என்பது என் முடிவு.

சிம் போட்டுப் போனுக்குப் படம் அனுப்பும் வகையைப் பலரும் கேட்கிறார்கள். வெளிநாட்டு உறவினரிடம் அதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். வட அமெரிக்காவில் விற்பவை அந்த ஊர்க் கம்பனிகளின் அலைவரிசைக்கும் கட்டணத் திட்டத்துக்கும் பொருந்தச் செய்யப்பட்டவை. இங்கே டயலொக்கும் மொபிட்டலும் 4ஜிக்குப் பெரிதும் பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அவற்றில் பலவற்றில் இல்லை. டவுன் கடைகளில் காட்டும் சோலர் 4ஜி கமரா வேறு ரகம். வீட்டு வாசலுக்கும் கடைக்கும் நல்லது. எங்கள் காணியில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும், மாரியில் வெயிலும் கிடையாது. அதை அங்கே கட்டுவது காசை மழையில் நனைக்கிற வேலை.

இனி, இந்தக் கமராக்களால் என்ன கிடைத்தது? கச்சான் வரியில் ஒரு மூலை மட்டும் தொடர்ந்து அழிந்துகொண்டிருந்தது. பன்றி என்றே எல்லோரும் நினைத்து அந்தப் பக்கம் வேலியை உயர்த்தும் யோசனையில் இருந்தோம். படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது பண்டிர வேலை இல்ல மகன், முள்ளன்ட வேலை" என்றார். முள்ளம்பன்றிக்கு உயர்ந்த வேலி ஒரு தடையே இல்லை. அது கீழால் தோண்டி வரும். வேலியின் அடியில் தகரத்தை ஒரு முழம் புதைத்தோம், அந்த மூலை அடங்கிவிட்டது. பன்றி வருவது முற்றிலும் வேறு பக்கத்தால், விடியப்புறம், வாய்க்கால் வேலியைக் கடக்கும் ஒரே இடைவெளியால் என்பதையும் படங்கள்தான் சொல்லின. காவல் இருக்கிறவர் இரவு முழுவதும் கண் விழிக்கத் தேவையில்லை, அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் இருந்தால் போதும். வயதான மனிதருக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம்!

எது வருகிறது என்று தெரியாத பயத்தில்தான் ஆட்கள் கட்டுத்துவக்கு கட்டுகிறார்கள், தீனிக்குள் வெடியை மறைத்து ஹக்கப்பட்டாஸ் வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து யானைக் குட்டி வாய் சிதறிச் சாகிறது, விறகுக்குப் போனவர் காலை இழக்கிறார். ஒரு கமராவின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

யானை வரும் தடத்தில் மட்டும் கமராவை முழங்கால் உயரத்தில் கட்டாதீர்கள். புதுச் சாமான் எதையும் அது தும்பிக்கையால் தடவிப் பார்க்கும், பிடித்து இழுத்தால் பட்டியும் பெட்டியும் சேர்ந்து வரும். பன்றிக்கும் முள்ளனுக்கும் முழங்காலுக்குச் சற்று மேலே. யானைத் தடம் என்றால் ஏணி வைத்து இயன்ற அளவு உயரத்தில், கீழே பார்க்கச் சரித்து.

மாரி தொடங்குமுன் மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். எறும்பு உள்ளே குடியேறாமல் பாருங்கள். கடல் பக்கக் காணிகளில் பற்றரி முனைகள் பச்சை பூக்கும், அதைச் சுரண்டித் துடைக்காவிட்டால் நல்ல கமராவும் நின்றுபோகும். சிப் 32 ஜிபி போதும், நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், போலிகள் நிறைய. கட்டுமுன் கமராவிலேயே ஃபோர்மட் செய்து, திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். நேரம் பிழைத்த படம் எங்களுக்குப் பயனே இல்லை.

களவுக்குப் பயந்து வெல்டிங் கடையில் இரும்புப் பெட்டி அடிப்பித்தேன். முன்பக்கத் துளை இறுக்கமாக இருந்தால் விளக்கின் ஒளி பெட்டியின் விளிம்பில் பட்டுத் திரும்பி இரவுப் படம் முழுக்க வெளுத்துவிடும். ஆகவே விளக்குப் பகுதியையும் சூட்டை உணரும் சென்சரையும் நன்றாகத் திறந்துவிடச் சொல்லுங்கள். பெட்டியைவிடக் கூடுதலாகக் காத்தது பேச்சுத்தான். மாட்டுப் பட்டிக்காரர்களிடமும் விறகுக்கு வரும் அக்காமாரிடமும் கமரா எங்கே இருக்கிறது, எதற்கு என்று முன்னமே சொல்லிவிட்டோம், ஆற்றுக்குக் குளிக்கப் போகும் பாதையைப் பார்க்க ஒன்றையும் கட்டவில்லை. கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லி வைத்தோம். இப்போது பட்டிக்காரத் தம்பி ஒருவரே, கமராவில் ஏதும் கோளாறு கண்டால் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்கிறார்.