மேஜிக் சாமான் எங்கே வாங்கலாம்: இணையமா, சென்னைக் கடையா, திருவிழாக் கடையா?

வேலூர்ப் பக்கம் மேஜிக் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் மேடை பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழா, திருமண மண்டபம், பிறந்தநாள் வீட்டு மொட்டை மாடி என்ற மூன்றில் ஒன்றுதான். எங்கேயும் பிள்ளைகள் முன்வரிசையில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. பக்கவாட்டில் நிற்பார்கள், திரைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் காட்பாடி மண்டபத்தில் விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. நான் ஒரு சாமானை எடைபோடுவது இந்த மேடையை மனதில் வைத்துத்தான். விளம்பரத்தில் எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

இணையத்தில் வரும் புதுச் சரக்குகளில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு நிமிட வீடியோ. கடன் வாங்கிய ரூபாய் நோட்டு உள்ளங்கைக்கு மேலே மிதக்கிறது. கீழே வாசகங்கள்: ‘கேமரா தந்திரம் இல்லை’, ‘எங்கும் எப்போதும் செய்யலாம்’, ‘பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்’. முதல் வாசகம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, பின்னால் இருண்ட சுவர், அறையில் காற்றசைவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வெளியே வருகிறது. விசிறிக் காற்றில் அது அலைகிறது, ஜன்னல் வெளிச்சம் பட்டால் மின்னுகிறது, வியர்த்த விரலில் சிக்கி அறுகிறது. இழை மட்டமானது என்று சொல்ல மாட்டேன். அமைதியான அறையில் நான்கு பேருக்கு முன்னால் அது அருமையாக வேலை செய்யும். ‘எங்கும் எப்போதும்’ என்ற இரண்டு சொற்கள்தான் பொய்.

இன்னொரு சிக்கலை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. இந்தச் சாமான்களில் பல அமெரிக்கப் பணத்தை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே மேஜிக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும் அரை டாலர் நாணயத்தின் விட்டம் 30 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். நம்முடைய 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான். டாலர் நோட்டின் நீளம் 156 மில்லிமீட்டர், நம் 500 ரூபாய் நோட்டு 150, 100 ரூபாய் நோட்டு 142. டாலருக்குப் பின்னால் மறையும்படி வெட்டிய அட்டை நம் நூறு ரூபாய்க்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரி, டாலரையே வைத்துச் செய்யலாம் என்றால், குடியாத்தத்தில் யார் சட்டைப்பையில் டாலர் இருக்கிறது? கடன் வாங்கிய பணம் என்பதில்தானே அந்த வித்தையின் உயிரே இருக்கிறது! இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. இப்போது புழங்கும் 1 ரூபாய், 2 ரூபாய் எஃகு நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும். அரை டாலர் ஒட்டாது, அதனால் அதற்குள் இரும்புத் தகடு வைத்துத் தனியாகச் செய்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. வலுவான சிறு காந்தம் ஒன்று போதும்.

திருப்பி அனுப்பலாம் என்றால், ‘ரகசியம் தெரிந்துவிட்ட பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்று பதில் வரும். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேஜிக்கில் பாதி விலை ரகசியத்துக்குத்தான். ஆனால் ரகசியம் வேறு, நிபந்தனை வேறு. எப்படி நடக்கிறது என்பதை மறைப்பது தொழில் தர்மம். பின்னால் ஆள் நிற்கக் கூடாது என்பதை மறைப்பது ஏமாற்று வேலை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகத்தான் கருதுகிறது. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணை அழைத்துப் பார்க்கலாம். விளம்பர வீடியோவையும் வாசகங்களையும் வாங்கும் அன்றே சேமித்து வையுங்கள், பிறகு அவை மாறிவிடக்கூடும்.

சென்னைக் கடைக்கு ரயில் ஏறிப் போவதில் அரைநாள் கழிந்துவிடும். ஆனாலும் மேடைச் சாமானுக்கு என் ஓட்டு அங்கேதான். கடைக்காரர் கண்முன்னால் செய்து காட்டுகிறார். “அண்ணே, இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். “வேண்டாம் தம்பி, அதை நேராகத்தான் பார்க்க வேண்டும்” என்று அவர் தடுத்தால், இணைய விளம்பரம் மறைத்ததை அவர் சொல்லிவிட்டார் என்று பொருள். ஊற்றாமலே பால் குறைவதுபோல் காட்டும் பால் ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கலாம், உள்ளே போட்ட பொருளை மறைக்கும் வெல்வெட் பையின் தையலை இழுத்துப் பார்க்கலாம். குறையும் உண்டு. பல பொருள்கள் வெளிநாட்டுச் சரக்கின் மலிவான நகல்கள். பெட்டிகளின் கீல் சீக்கிரம் ஆடத் தொடங்கும், பளபளக்கும் வண்ணம் ஒரு கோடையில் உரியும். தம்ப் டிப் என்பது சிறு பொருளை உள்ளே மறைக்கக் கட்டைவிரல் நுனியில் மாட்டும் பொய் விரல் உறை. கடன் வாங்கிய தொப்பிபோல் விரலில் ஆடாத ஒன்று வேண்டுமென்றாலும் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவதுதான் சரி. நிறம் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். வருவதில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர் தோல் நிறத்தில்தான் இருக்கும். விரல் நுனி பார்ப்பவரை நேராக நோக்கி இருக்கும்வரை நிறம் கண்ணில் படாது. கொடுக்கும் காசுக்கு இத்தனை வேலை செய்யும் சாமான் வேறு இல்லை.

திருவிழாக் கடையை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற கூட்டங்களில் விற்கும் மாய சீட்டுக்கட்டு, சொன்னபடி வேலை செய்யும். வித்தை அந்தக் கட்டிலேயே அடங்கியிருக்கிறது, ஒன்பது வயதுப் பிள்ளையும் செய்துவிடும். தாள் மட்டமானது என்பதால் வியர்வையில் ஊறி, சில காட்சிகளில் ஓரம் மழுங்கிவிடும், அவ்வளவுதான். அதே கடையில் தொங்கும் மூன்று கிண்ணம், பந்து விஷயம் வேறு. விற்பவரின் கையில் பந்து மறைவது அவருடைய பல வருடப் பயிற்சியால். அந்தப் பயிற்சியைப் பொட்டலத்தில் கட்டிக்கொடுக்க முடியாது. ‘வீட்டுக்குப் போனதும் செய்யலாம்’ என்று இரண்டுக்கும் ஒரே கூவல்தான். சீட்டுக்கு அது உண்மை, செப்படி வித்தைக்குப் பொய்.

இரண்டாயிரம் ரூபாயோடு தொடங்க நினைக்கும் ஓர் இளைஞருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் வேலூர் லாங் பஜாரில் நல்ல பருத்திக் கயிறும் மெல்லிய பட்டுத் துணியும் வாங்குங்கள். கிண்ணத்துக்குப் பாத்திரக் கடைக்குப் போங்கள், கனமான மூன்று எஃகு டம்ளர்கள் பிளாஸ்டிக்கைவிட மேல். தம்ப் டிப்பும் பால் ஜாடியும் சென்னையில். துணிப் பையைத் தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். மீதிப் பணம் இருந்து இணையச் சாமான் மீது ஆசை வந்தால், வாங்குவதற்கு முன் விற்பவருக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: பின்னால் ஆள் நின்றால் தெரியுமா? விசிறி ஓடினால் நடக்குமா? இந்திய நோட்டுக்கும் நாணயத்துக்கும் பொருந்துமா? இதில் எதற்கும் ரகசியத்தை உடைக்கத் தேவையில்லை. நேராகப் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.