பழைய டிராக்டரின் ஆயில் பேனுக்குச் சாம்பல் நிற சிலிக்கான் பேஸ்ட்

பழைய டிராக்டரின் கியர் ஆயில் பேனை, அதாவது அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டை, மாட்டும்போது கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கார்க் கேஸ்கெட்டை விட்டுவிட்டு, டியூபில் வரும் சாம்பல் நிற ஆர்டிவி (சூடாக்காமலே இறுகும்) சிலிக்கான் பேஸ்ட்டுக்கு நான் மாறிவிட்டேன். இனி கார்க் பக்கம் போக மாட்டேன். கார்க் நாளாக ஆகக் காய்ந்து சுருங்கும். போல்ட்டை அதிகம் இறுக்கினால் பிதுங்கி வெடிக்கும். இந்தப் பேஸ்ட்டோ ரப்பராகி, தகட்டின் சின்னச் சின்னப் பள்ளங்களையும் நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் எண்ணெய் படிந்த இரும்பில் ஒட்டவே ஒட்டாது. ஆயிலை வடித்த கையோடு மாட்டக் கூடாது. மேலிருந்து சொட்டுவது நிற்கும்வரை காத்திருந்து, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைக்க வேண்டும். தகட்டு பேன் என்றால் போல்ட் துளைகளைச் சுற்றி மேடாகியிருக்கும். மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமமாக்காவிட்டால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது.

அப்புறம், அளவு. மெல்லிய ஒரே கோடு, ஒவ்வொரு துளையையும் சுற்றி வந்தால் போதும். அள்ளி வைத்தால் உள்ளே பிதுங்கி, துணுக்குகள் ஆயிலில் விழும். கியரும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிகளில் அது வடிகட்டியை அடைத்துவிடும். எனக்கு இதில்தான் பயம் அதிகம்.

காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள் இது. 24 மணி நேரம் விட்டு ஆயில் ஊற்றுங்கள். அவசர வேலைக்கு ஆகாது என்பதே பெரிய குறை. மறுமுறை கழற்றுவதும் சிரமம்: நெம்பினால் விளிம்பு வளையும், மெல்லிய கத்தியைச் செருகி அறுக்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானை மட்டும் இதற்குப் பதிலாக வாங்காதீர்கள், அது இரும்பை அரிக்கும்.