உறைந்த ஏரிக்குக் குன்னூரில் செய்த கொடித்தூண்டில்: மூன்றில் எது?

நீலகிரியில் ஏரி உறைவதில்லை. தலைக்குந்தாப் புல்வெளி மார்கழி விடியலில் உப்புக் கொட்டியதுபோல் கிடக்கும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பனிக்கட்டியில் துளைத்த ஓட்டையின்மேல் வைக்கும் கொடித்தூண்டிலை, அதாவது மீன் இழுத்தால் தானே கொடி தூக்கிக் காட்டும் தூண்டிலை, நான் செய்யக் காரணம் என் தங்கை மகன். கனடாவில் சிம்கோ ஏரிக்கரையில் வேலை. போன டிசம்பரில் வந்தவன், "மாமா, ஒரு தூண்டில் கையில இருக்கும். இன்னொண்ணை ஓட்டையில கட்டிவெச்சுட்டுத் தள்ளி நிக்கணும். நீங்களே செஞ்சு குடுங்க" என்றான்.

1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்த கண்ணாடிக் கெண்டைக்கு, கரையில் குச்சி நட்டு மணி கட்டிப் பழகியவன் நான். கனடாவில் மணி உதவாது. காற்று, காதை மூடிய குல்லாய். அதனால்தான் கொடி. சிம்கோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனிக்கட்டிமேல் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். ஆனால் 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும், தூண்டில் கண்ணில் பட வேண்டும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்க்கிற பேச்சே இல்லை.

மூன்று விதமாகச் செய்து பார்த்தோம்.

முதலாவது துலாக்கம்பு. கிணற்று ஏற்றத்தின் அதே கணக்கு. ஓட்டையின் குறுக்கே ஒரு கம்பி, அதன்மேல் ஆடும் குச்சி. ஒரு முனையில் தூண்டில் கயிறு, மறுமுனையில் துணி. மீன் இழுத்தால் துணி எழும். அரைமணி நேர வேலை, காசே செலவில்லை. ஆனால் கயிறு நீர்மட்டத்தை வெளியில் கடக்கிறது. அங்கே ஆடை கட்டுவதுபோல் பனி பிடித்தால் கயிறு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மீன் இழுப்பது குச்சிக்கு எட்டாது. காற்றடித்தால் வெறுமனேயும் எழும். கரையோரத்தில் மஞ்சள் பெர்ச் என்ற சிறு மீனுக்கு, பக்கத்திலேயே நின்று அடிக்கடி பனியை அள்ளிப் போடுகிறவருக்கு மட்டும் இது சரி.

இரண்டாவது சிலுவைக்கட்டை. இரண்டு பட்டைக் கட்டைகள் ஓட்டையின்மேல் குறுக்காகப் படுக்கும். நடுவில் குழாய், அதற்குள் அச்சுக்கம்பி. கயிறு சுற்றிய உருளை தண்ணீருக்குள் இருக்கும். மீன் கயிற்றை இழுக்க உருளை சுழலும். உருளை ஓரத்து ஆணி அச்சின் அடிக்கொக்கியைத் தட்டும். மேலே கொடியை அமுக்கி வைத்த குறுக்குக் கம்பி விலகும். மேலே எவ்வளவு குளிர் இருந்தாலும் பனிக்கு அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. 4 டிகிரியில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால் உறைவது மேலிருந்துதான். ஆகவே உருளை உறையாது.

உறைவது குழாய். தெரிந்தவருடைய மீன்கடை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தோம். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் இறுகிப்போய், அச்சைத் திருப்ப இடுக்கி தேவைப்பட்டது. துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் நிரப்பியதும் விரலால் தட்டினாலே சுழன்றது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் கொடித்தூண்டிலை முடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கட்டை சில்வர் ஓக். அறுக்கச் சுலபம், ஆனால் வார்னிஷ் இரண்டு கை அடிக்காவிட்டால் ஈரம் குடித்து உறைந்து பிளக்கும்.

மூன்றாவது வட்டத்தட்டு. உள்ளே அதே அச்சு, அதே உருளை. கட்டைக்குப் பதில் ஓட்டையை முழுக்க மூடும் தட்டு. 8 அங்குல ஓட்டைக்கு 12 அங்குலத் தட்டு அறுத்தேன். கடலோரத்திலிருந்து மலைக்கு மீன் ஏறிவருகிற தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதன் மூடியை பிளைவுட்டுக்கு அடியில் ஒட்டினேன். ஓட்டைக்குள் பனி விழாது, குளிர்காற்று படாது, தண்ணீர் உறைவது தாமதமாகும். சிலுவைக்கட்டையில் ஓட்டை திறந்தே கிடக்கும். ஒரே குறை, பெட்டியில் இடம் அடைக்கும்.

கொடியின் வில்லுக்குக் குடைக்கம்பி நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒரு மணி நேரம் வளைத்து வைத்தால் வளைந்தபடியே நிற்கிறது. பழைய அளவுநாடாவின் எஃகுப் பட்டை ஒவ்வொரு முறையும் துள்ளி நிமிர்ந்தது. அறுத்த விளிம்பில் பெயின்ட் தடவினால் துருப்பிடிக்காது.

உருளையில் தங்கூஸ் சுற்ற வேண்டாம். குளிரில் விறைத்துச் சுருள்சுருளாக நிற்கும். வெறுங்கையால் இழுத்தால் விரலை அறுக்கும். தடித்த பின்னல் டாக்ரான் நூல் போட்டு, கடைசி நான்கடிக்கு மட்டும் ஃப்ளூரோகார்பன் நரம்பு. பைக் மீன் உள்ள இடமென்றால் எஃகு நரம்பு, அதன் பல் நைலானை வெட்டிவிடும்.

மருமகனுக்கு நான் கொடுத்தனுப்பியது வட்டத்தட்டு ஒன்று. சிம்கோவின் ஆழத்தில் ஏரி டிரவுட் மீனுக்குக் காத்திருக்கிறவன், அரைமணிக்கொரு தரம் ஓட்டையைச் சுரண்டிக்கொண்டு நிற்க முடியாது. சிலுவைக்கட்டை என் பட்டறையில் இருக்கிறது. மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதால் நெடுந்தூரம் நடந்து போகிறவருக்கு அதையே சொல்வேன். தட்டைத் தூக்கும்போது மட்டும் உருளையை உடனே துணியால் துடைத்துவிட மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீருக்குள் உறையாத நூல், வெளியே எடுத்துப் பனிமேல் வைத்த கொஞ்ச நேரத்தில் கம்பியாகிவிடும்.