ரீ-என்கோடிங் இல்லாமல் வீடியோ வெட்டுவது: லாஸ்லெஸ்கட்டுடன் சில ஆண்டுகள்

ஒரு மணி நேர வீடியோவில் தொடக்கத்து அரை நிமிடமும் கடைசி இரண்டு நிமிடமும் வேண்டாம். வேலை அவ்வளவுதான். வழக்கமான எடிட்டிங் மென்பொருளில் இதைச் செய்தால், மீதமுள்ள ஐம்பத்தேழரை நிமிடத்தையும் அது ஃபிரேம் ஃபிரேமாக விரித்து, மறுபடி சுருக்கி, புதிய கோப்பாக எழுதுகிறது. இதுதான் ரீ-என்கோடிங். நாம் கை வைக்காத பகுதிக்கும் தரம் போகிறது. எச்.264, எச்.265 போன்ற கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகள், தகவலை இழந்துதான் சுருக்குகின்றன. ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் இழப்பின் மேல் இழப்பு. இருட்டான மூலைகளிலும் வானத்தின் நீலத்திலும் இது முதலில் தெரியும்: மென்மையாக மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

இதைத் தவிர்க்கத்தான் லாஸ்லெஸ்கட்டுக்கு வந்தேன். சில ஆண்டுகளாகக் குடும்பப் பதிவுகள், உரைகள், திரைப் பதிவுகள் என எல்லாவற்றையும் முதலில் இதில்தான் திறக்கிறேன். மிக்கேல் ஃபின்ஸ்டாட் என்பவர் உருவாக்கிய திறமூல மென்பொருள் இது. உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மீதுதான் இன்றைய வீடியோ மென்பொருள்களில் பெரும்பகுதி நிற்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்று கட்டளையிட்டால், சுருக்கப்பட்ட தரவை விரிக்காமல் அப்படியே எடுத்துப் புதிய கோப்பில் வைத்துவிடும். லாஸ்லெஸ்கட் இதற்கு ஒரு திரையும் டைம்லைனும் தருகிறது. 'ஐ' விசை தொடக்கத்தைக் குறிக்கும், 'ஓ' முடிவைக் குறிக்கும், 'ஈ' ஏற்றுமதி செய்யும். வேகம் வன்தட்டின் வேகம்தான். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேர 4கே வீடியோ சுமார் 45 ஜிபி வரும். அதை ரீ-என்கோட் செய்யக் கணினி மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். காப்பி முறையில் ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும் நேரம் போதும்.

இந்த முறையின் ஒரே பெரிய நிபந்தனை கீ ஃபிரேம். வீடியோவின் எல்லா ஃபிரேம்களும் முழுப் படங்கள் அல்ல. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும், அதுதான் கீ ஃபிரேம். இடைப்பட்டவை முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. ஆகவே மூங்கிலைக் கணு பார்த்து வெட்டுவதுபோல, தொடக்க வெட்டைக் கீ ஃபிரேமில்தான் போட முடியும். முடிவு வெட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிட்டத்தட்ட இல்லை. பின்னால் வருவதை விட்டுவிட்டால் முன்னால் உள்ளவை கெடாது, ஓரிரு ஃபிரேம் முன்பின் ஆகலாம், அவ்வளவே. இது புரிந்தபின் என் வேலை முறையே மாறியது. முடிவைப் பற்றிக் கவலைப்படாமல், தொடக்கத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிறேன்.

ஓர் உரைப் பதிவை எடுத்துக்கொள்வோம். பேச்சாளர் முதல் வார்த்தையைச் சொல்வது 4 நிமிடம் 17.3 நொடியில். அதற்கு முந்தைய கீ ஃபிரேம் 4:10.0-இல் இருக்கிறது, அடுத்தது 4:20.0-இல். முந்தையதில் வெட்டினால் மைக்கைத் தட்டிப் பார்க்கும் ஏழு நொடிகள் சேர்ந்து வரும். அடுத்ததில் வெட்டினால் வணக்கம் போய்விடும். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்றால், எச்.264 வீடியோவை எழுதப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்ற என்கோடரின் (சுருக்கும் மென்பொருளின்) இயல்பு அமைப்பில் கீ ஃபிரேம் இடைவெளி அதிகபட்சம் 250 ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து நொடி. ஆனால் அதே என்கோடர் காட்சி சட்டென்று மாறினால் தானாகவே ஒரு கீ ஃபிரேமை வைக்கும். எனவே திரையில் ஸ்லைடு மாறும் இடங்களில் பெரும்பாலும் கீ ஃபிரேம் தயாராக இருக்கும். அங்கே வெட்டினால் பார்ப்பவருக்கும் இயல்பாகத் தெரியும். வன்பொருள் என்கோடர்கள் எல்லாவற்றிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.

கீ ஃபிரேம் அல்லாத இடத்திலும் வெட்டலாமே என்று தோன்றும். எம்பி4 கோப்பில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. முந்தைய கீ ஃபிரேமிலிருந்தே தரவை எடுத்துக்கொண்டு, "இத்தனை நொடிகளைக் காட்டாதே" என்று கோப்பின் உள்ளே ஒரு குறிப்பை எழுதிவைப்பது. அந்தக் குறிப்பை மதிக்கும் பிளேயரில் எல்லாம் சரியாக ஓடும். மதிக்காத பிளேயரிலோ நாம் வெட்டியதாக நினைத்த நொடிகள் திரும்பி வந்து நிற்கும், அல்லது சத்தம் முந்தும், படம் பிந்தும். பிறருக்கு அனுப்பும் கோப்புக்கு இந்த வழியை நான் நம்புவதில்லை. அந்தரங்கமான பேச்சு எதையாவது நீக்க வேண்டுமென்றால் நிச்சயமாகக் கூடாது. காட்டப்படாத தரவு கோப்புக்குள் இன்னும் இருக்கிறது.

ஸ்மார்ட் கட் என்ற வசதியும் உண்டு. வெட்டும் இடத்திலிருந்து அடுத்த கீ ஃபிரேம் வரையுள்ள சிறு துண்டை மட்டும் ரீ-என்கோட் செய்து, மீதியைக் காப்பியாக ஒட்டுகிறது. சோதனை நிலை வசதி என்றே மென்பொருள் இதைக் குறிப்பிடுகிறது. கேமரா பயன்படுத்திய என்கோடர் வேறு, இந்தத் துண்டை எழுதும் என்கோடர் வேறு என்பதால் ஒட்டும் இடத்தில் படம் சிதற வாய்ப்புண்டு. எச்.264 கோப்புகளில் எனக்குப் பெரும்பாலும் நன்றாகவே வந்தது. எச்.265 என்றால் ஒட்டிய இடத்தை இரண்டு பிளேயர்களில் ஓட்டிப் பார்க்காமல் மூலக் கோப்பை அழிக்க மாட்டேன்.

வெட்டுவதைவிட இணைப்பதற்காக இதை அதிகம் நேசிக்கிறேன். பல கேமராக்கள் நீண்ட பதிவை 4 ஜிபி அளவில் துண்டாக்கிவிடும். ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது என்ற பழைய வரம்பின் எச்சம் அது. அந்தத் துண்டுகள் ஒரே கோடெக், ஒரே அளவு, ஒரே ஆடியோ வீதம் கொண்டவை என்பதால் தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். வேறு வேறு கருவிகளில் எடுத்தவற்றைச் சேர்க்க முயன்றால் கதை வேறு. ஒன்றில் ஆடியோ 44.1 கிலோஹெர்ட்ஸ், மற்றொன்றில் 48 என்றாலே இணைப்புக்குப் பின் சத்தம் கெடும். நாமே வெட்டிய துண்டுகளை இணைக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏஏசி முறையில் சுருக்கிய ஆடியோ பொதுவாக 1024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக வருகிறது, 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டு சுமார் 21 மில்லி நொடி. வீடியோவின் ஃபிரேம் எல்லையும் இந்தக் கட்டின் எல்லையும் பொருந்தாததால் இணைப்பில் மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கலாம். மௌனமான இடத்தில் வெட்டினால் அது பெரும்பாலும் காதில் விழாது. எம்கேவி வடிவக் கோப்புகளுக்கு எம்கேவிடூல்நிக்ஸ் என்ற தனி மென்பொருள் இருக்கிறது. அந்த வடிவத்தில் பிரிக்கவும் சேர்க்கவும் அதையே விரும்புகிறேன்.

பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கும் ஃபோன் வீடியோவை நிமிர்த்துவது, தேவையற்ற ஆடியோ டிராக்கை நீக்குவது, வீடியோவைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றி வைப்பது ஆகியவற்றுக்கும் ரீ-என்கோடிங் வேண்டாம். படத்தைத் திருப்புவது கோப்பின் உள்ளே இருக்கும் ஒரு குறிப்பை மாற்றுவதுதான்.

தரம் உண்மையிலேயே குறையவில்லையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் கண்ணை நம்பாத ஒரு சோதனை இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கின் ஃபிரேம்எம்டி5 வெளியீடு, விரித்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கைரேகை எண்ணை வரிசையாக எழுதித் தரும். மூலத்துக்கும் வெட்டிய கோப்புக்கும் தனித்தனியே எடுத்துப் பக்கத்தில் வைத்தால், நேர எண்கள் மாறியிருக்கும், கைரேகைப் பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே ஓடும். எடிட்டிங் மென்பொருளில் ரீ-என்கோட் செய்து எக்ஸ்போர்ட் செய்த கோப்பில், தர அளவை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும், சாதாரணமான கோடெக்குகளில் அந்தப் பத்தி முதல் வரியிலேயே வேறுபடும்.

எழுத்து பொறிக்க, நிறம் திருத்த, மங்கலாக மாற்ற, அளவைக் குறைக்க இந்த முறை உதவாது. படப்புள்ளிகளைத் தொட்டால் ரீ-என்கோடிங் தவிர்க்க முடியாதது. அப்போதும் வெட்டிய லாஸ்லெஸ் கோப்பைத் தாய்ப் பிரதியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்கிறேன். வீடியோ தளங்கள் பதிவேற்றியதைத் தாமே மறுபடி சுருக்கும் என்பதால், அங்கே போகும் கோப்பு முடிந்தவரை மூலமாகவே இருப்பது நல்லது.

நீங்களே பதிவு செய்கிறீர்கள் என்றால் வெட்டுவதற்கான வசதியைப் பதிவின்போதே செய்துகொள்ளலாம். ஓபிஎஸ் போன்ற திரைப் பதிவு மென்பொருளில் கீ ஃபிரேம் இடைவெளியை ஒன்று அல்லது இரண்டு நொடியாக வையுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும், வெட்டும் இடம் கையருகே வரும். கேமராவில் ஆல்-இன்ட்ரா முறை இருந்தால் எல்லா ஃபிரேமும் முழுப் படம், எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். இடம் நிறையப் பிடிக்கும் என்பதால் முக்கியமான பதிவுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். எதுவுமே இயலாவிட்டாலும், பேசத் தொடங்கும் முன் சில நொடி அசையாமல், பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். கீ ஃபிரேம் அந்த மௌனத்தில் எங்காவது விழ நல்ல வாய்ப்புண்டு.