பேரிங் வண்டியா, ரிம்மா, உரச் சாக்கா? எண்பதுகளின் தோட்டத்துச் சரிவு விளையாட்டுகள்

எண்பதுகளில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடைச் சாமான் எட்டாத பொருள். சரிவு மட்டும் தாராளமாகக் கிடந்தது. அதில் இறங்க மூன்று வழிகள் இருந்தன: பேரிங்குகளைச் சக்கரமாகப் பூட்டிய பலகையான பேரிங் வண்டி, குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடும் சைக்கிள் ரிம், உட்கார்ந்து சறுக்கும் உரச் சாக்கு. பேர் வாங்கியது பேரிங் வண்டிதான். ஆனால் தோட்டத்து ரோட்டுக்குப் பொருந்தியது ரிம் என்பதே எங்கள் கணிப்பு.

காரணம் சக்கரத்தின் அளவு. லொறி கராஜ்களில் கழித்துப் போடும் பேரிங்குகளில் 6204 என்று பொறித்ததற்கு உள் துளை 20 மி.மீ., வெளிவட்டம் 47 மி.மீ. 6305 என்றால் 25, 62. பெரிய சைக்கிளின் ரிம் விட்டம் 60 செ.மீ.க்கும் மேல். அரை அங்குலக் கல்லில் ரிம் சும்மா ஏறி இறங்கும். பேரிங் அதில் முட்டி அப்படியே நிற்கும், ஆள் மட்டும் முன்னுக்குப் போவார். கல் பரப்பிய தோட்டத்து ரோட்டில் பேரிங் வண்டிக்கு வேலையில்லை. தார் ரோட்டு, இல்லாவிட்டால் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) முன்னாலுள்ள சிமெந்துத் தரை வேண்டும்.

அந்தத் தரை கிடைத்தால் மூன்றிலும் ருசியானது பேரிங் வண்டிதான், மறுக்கவில்லை. செய்கிறவர் கெட்டுப்போகும் இடம் அச்சு. பச்சை மரத்தில் முளை சீவினால் இரண்டு வாரத்தில் காய்ந்து சுருங்கி, பேரிங் ஓட்டத்திலேயே கழன்று உருண்டு போகும். கொய்யா, யூகலிப்டஸ் போன்ற வைரமான கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும். பின் அச்சின் நீளம் ஒன்றரை அடி. அதற்குக் குறைந்தால் முடக்கில் கவிழும். இரண்டு முனைகளிலும் ஒரு அங்குல நீளத்துக்கு முளை. 6305க்கு என்றால் நுனியில் 24 மி.மீ., அடியில் 26 மி.மீ. பருமன் இருக்கும்படி சீவுங்கள். பேரிங்கை ஏற்றும்போது வெளிவட்டத்தில் சுத்தியல் படக்கூடாது. உள்வட்டத்தின் மேல் ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவட்டத்தில் அடித்தால் உள்ளே குண்டு பதிந்து, பிறகு சுற்றும்போது கடகடவென்று தடுக்கும். ஏறிய பிறகு முளையின் நுனியை வாளால் லேசாகப் பிளந்து ஆப்பு இறுக்கினால் கழலாது.

பலருக்கும் புரியாத கோளாறு ஒன்று உண்டு. எல்லாம் சரியாகப் பூட்டியும் சக்கரம் சுற்றாது. அச்சுக் கட்டையின் தோள் வெளிவட்டத்தில் உரசுவதுதான் காரணம். உள்வட்டத்தை மட்டும் தொடும் சின்ன வாஷர் ஒன்றை இடையில் போட்டால் தீர்ந்தது.

முன்பக்கம் ஒரே பேரிங். குறுக்குக் கட்டையின் நடுவே வெட்டிய காடியில் அது நிற்கும். அந்தக் கட்டையைப் பலகையோடு பிடிக்க அரை அங்குல போல்ட் ஒன்று, இரண்டு வாஷர், இரண்டு நட். ஒரே நட் போட்டால் அதிர்விலேயே கழன்றுவிடும், அதுவும் பள்ளத்தின் நடுவில்தான் கழலும். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் கிறீஸ் வையுங்கள். எண்ணெய் மட்டும் விட்டால் வேகம் கூடும், மணலும் கூடவே புகும்.

பிரேக்கைப் பேரிங்கின் மேல் வைத்தால் பயனில்லை, இரும்பில் ரப்பர் வழுக்கும். பழைய டயர்த் துண்டை ஆணியடித்த ஒரு அடிக் கட்டையைப் பின்னால் தொங்கவிட்டு, கையால் இழுத்துத் தரையில் அழுத்த வேண்டும். செருப்புக் குதியை நம்பினால் செருப்பும் போகும், தோலும் போகும். நனைந்த தாரில் எந்தப் பிரேக்கும் பிடிக்காது. அதனால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வண்டி மூலையில்தான் கிடக்கும். அதே நாட்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் தரை காய்ந்திருக்கும். சத்தம் இன்னொரு தொல்லை: தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குக் கேட்காமல் யாரும் பேரிங் வண்டி ஓட்டியிருக்க முடியாது.

ரிம்முக்கு இத்தனை சடங்கு கிடையாது. கம்பிகளையும் அவற்றின் முனைத் திருகுகளையும் ஒன்று விடாமல் கழற்ற வேண்டும். மிச்சம் நிற்கும் ஒரு திருகு கெண்டைக்காலைக் கிழித்துவிடும். தள்ளும் குச்சிக்குக் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளை, போதும். நேரானதாகப் பார்த்து ஒன்றரை அடிக்கு வெட்டி, பள்ளத்தில் உட்காரும்படி நுனியை உருட்டிச் சீவுங்கள். பின்பக்கம், பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே வைத்துத் தள்ள வேண்டும். மேலே வைத்தால் குச்சி சறுக்கித் தாண்டும். திருப்ப வேண்டுமானால் பள்ளத்தின் ஒரு ஓரத்தை அழுத்தினால் போதும், ரிம் சாய்ந்து தானே திரும்பும். வேகம் குறைந்தால்தான் தள்ளாடி விழும். இறக்கத்தில் குச்சியை வளையத்துக்குள் விட்டுப் பின்விளிம்பைப் பின்னுக்கு இழுத்தால் அதுவே பிரேக். கானில் (வடிகாலில்) விழுந்து கோணினால் தரையில் படுக்கப் போட்டு, தூக்கி நிற்கும் பக்கத்தை மிதித்துச் சரிசெய்யலாம்.

ரிம் இல்லாத வெறும் டயர் சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, முட்டினாலும் வலிக்காது. லொறி டயர் மட்டும் வேண்டாம். இறக்கத்தில் கைவிட்டுப் போனால் அதைப் பிடிக்க ஆளில்லை.

உரச் சாக்குக்கு ஒரு பைசா செலவில்லை. நன்றாகக் கழுவாவிட்டால் சிராய்ப்பில் உரம் பட்டு எரியும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்கு, முன்விளிம்பைக் கால்களுக்கிடையே தூக்கிப் பிடித்தால் போதும். காய்ந்த குட்டைப் புல் வேண்டும். மானாப் புல் கையைக் கீறும், ஈரப் புல்லில் அட்டை ஏறும். கவ்வாத்து வெட்டிய மலை பக்கமே போகக்கூடாது, அடிக்கட்டைகள் ஈட்டி போல நிற்கும். கேகாலை, மாத்தளைப் பக்கம் சாக்குக்குப் பதில் பாக்கு மட்டை, அதுதான் இன்னும் வழுக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் பாக்கு மட்டைக்கு எங்கே போவது? அங்கே தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் சோப்புத் தேய்த்தார்கள். ஓரத்துத் தகரப் பட்டையைக் கழற்றிய பிறகுதான் உட்காரலாம்.

இப்போது செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கு: த்ரீவீலர் ஓடும் ரோட்டில் பேரிங் வண்டி வேண்டவே வேண்டாம், பாடசாலைச் சிமெந்துத் தரையோடு நிறுத்துங்கள். ரிம் எங்கும் ஓடும். டயர் என்றால் ஆட்டம் முடிந்ததும் இஸ்தோப்புக்குள் (முன் விறாந்தைக்குள்) தொங்கவிடுங்கள். வெளியே போட்டு மழைத் தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு வரும், பின்னாலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவும் வருவார்.