தி ஃப்ளாஷ்: 9 சீசனும் முழுசா பாத்தவனோட லாங் டேர்ம் ரிவ்யூ

"தி ஃப்ளாஷ் ஆரம்பிக்கலாமா, 184 எபிசோடாமே, வொர்த்தா?"ன்னு கூட வேலை பாக்குற பையன் கேட்டான். ஒரு வரியில பதில் சொல்ல முடியல, அதான் இங்க எழுதி வைக்கிறேன். 2014 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2023 மே மாசம் முடிஞ்ச அமெரிக்க சூப்பர் ஹீரோ சீரிஸ், அதனால ஸ்பாய்லர் இருக்குன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. ஹீரோ பேரி ஆலன் யாரு, மின்னல் எப்ப அடிச்சுச்சு, அம்மாவக் கொன்னது யாருன்னு கதைச் சுருக்கம் எல்லாம் எழுதப் போறதில்ல, அது எங்க வேணா கிடைக்கும்.

எனக்கு இருக்குறது ஒரே ஒரு குறை. ஒவ்வொரு எபிசோட் ஆரம்பத்துலயும் பேரி நான் தான் உலகத்துலயே வேகமான மனுஷன்னு சொல்றான் இல்ல, அவன் இந்த சீரிஸ் முழுக்க செஞ்சது நின்னு பேசுனது தான்.

பாக்காதவங்களுக்குப் புரியணும்னா ஒரு சராசரி எபிசோட் எப்படிப் போகும்னு சொல்றேன். புதுசா ஒரு மேட்டா, அதாவது விசேஷ சக்தி கிடைச்ச வில்லன், வருவான், பேங்க்லயோ லேப்லயோ எதையாவது திருடுவான், பேரி ஓடி வந்து அவன் முன்னாடி பிரேக் போட்டு நிப்பான். ஏன்டா நிக்கற, பின்னாடி வந்து கைவிலங்க மாட்டிட்டுப் போக வேண்டியது தானேன்னு நம்ம கத்துறதுக்குள்ள, அவன் கைய நீட்டி எதையோ அடிச்சு இவன் பத்தடி தள்ளி விழுவான், வில்லன் நிதானமா நடந்து போயிடுவான். அப்புறம் ஸ்டார் லேப்ஸ்ங்கற அவங்க இடத்துல பேரி டீம் எல்லாரும் கம்ப்யூட்டர சுத்தி நிப்பாங்க, டீம்ல இருக்குற சிஸ்கோ வில்லனுக்கு ஒரு பேர் வைப்பான், பேரி என்னால முடியலன்னு முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய போவான், வளர்த்த அப்பா ஜோவோ காதலி ஐரிஸோ பின்னாடியே போய் காரிடார்ல நிறுத்தி ஒரு தன்னம்பிக்கை உரை ஆத்துவாங்க. பின்னாடி பியானோ வாசிப்பான். உரை முடிஞ்சதும் அதே வில்லன், அதே இடம், இந்தத் தடவை பேரி கொஞ்சம் வேகமா ஓடி ஜெயிச்சிடுவான். ஊரே அழியப் போகுது இன்னும் நாலு நிமிஷம் தான் இருக்குன்னாலும் அந்தக் காரிடார் பேச்சு கண்டிப்பா உண்டு, ஒரு வாரம் பேரிக்கு, அடுத்த வாரம் கெய்ட்லினுக்கு, அதுக்கடுத்த வாரம் ரால்ஃபுக்கு, ரேஷன் கடை மாதிரி முறை வச்சு ஊத்துவாங்க.

நியாயமா பேசணும்னா எழுதுறவங்க கஷ்டமும் புரியுது. முதல் நாலு சீசனும் ஒவ்வொன்னும் 23 எபிசோட். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஊரச் சுத்தி வர்ற ஹீரோவ உண்மையாவே அவன் வேகத்துக்கு விட்டா முதல் வாரமே வில்லன் உள்ள போயிடுவான், மிச்சம் 22 வாரம் என்னத்த காட்டுறது. ஓடுற ஷாட்டுக்கு கிராஃபிக்ஸ் செலவு, காரிடார்ல ரெண்டு பேர் நின்னு கண்கலங்கறதுக்கு அவ்ளோ செலவு இல்ல. சுறாவும் கொரில்லாவும் அடிச்சுக்கற எபிசோட் ஒன்னு சீசன் 5ல வரும், டிவி சீரிஸ்ல அத நம்புற மாதிரி காட்டணும்னா வேற எங்கயாவது மிச்சம் பிடிச்சு தான் ஆகணும், சரி.

ஆனா சீசன் 4ல 15ஆவது எபிசோட் பாத்தீங்கன்னா இந்த சமாதானம் எல்லாம் போயிடும். ஊருக்கு நடுவுல அணுகுண்டு வெடிச்சிடுது. வெடிக்கப் போகுது இல்ல, வெடிச்சிடுச்சு. அந்த ஒரே ஒரு கணத்துல தான் கிட்டத்தட்ட முழு எபிசோடும். ஊரே சிலை மாதிரி நிக்குது, நெருப்பு உருண்டை மட்டும் இஞ்ச் இஞ்ச்சா பெருசாகிட்டே வருது, பேரி ஒவ்வொருத்தரா தொட்டு தன்னோட வேகத்துக்குள்ள கூட்டிட்டு வந்து வழி கேக்கறான், கிட்ட நின்னு யோசிக்க முடியற மத்தவங்க ஒவ்வொருத்தரா சோர்ந்து போறாங்க, வேற உலகத்து ஃப்ளாஷ் ஜே கேரிக் மாதிரி பெரிய ஆளே தாங்க முடியாம உறைஞ்சு போறாரு. யாரும் இல்லாம தனியா மிஞ்சுறான். கடைசில ஐரிஸ்கிட்ட போய் நிக்கறான், அவ தான் வழி சொல்றா. வேகம்னா என்ன, அதுல இருக்குற தனிமை என்னன்னு அந்த ஒரு எபிசோட்ல காட்டிட்டாங்க. கவனிச்சுப் பாத்தா அதுலயும் பேச்சு தான் நிறைய, ஆனா ஒரு வார்த்தை கூட இழுவையா தெரியாது, ஏன்னா அங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் குண்டு ஒரு இஞ்ச் நகருது. எனக்குக் கோபமே இதுல தான். தெரியாம பண்ணா விட்டுடலாம், இவனுங்களுக்குத் தெரியும்யா.

வாரா வாரம் பாத்த காலத்துல எங்க வாட்ஸ்அப் குரூப்ல புதன்கிழமை காலைல ஆஃபீஸ் போறதுக்கு முன்னாடியே ரகளை ஆரம்பிச்சிடும், அமெரிக்கால செவ்வாய் ராத்திரி வரும்ல. சீசன் 2ல ஸூம்னு முகமூடி போட்ட வில்லன் யாருன்னு கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒரு தியரி, இரும்பு முகமூடி போட்டு அடைஞ்சு கிடக்கறவன் யாருன்னு அதுக்குத் தனி சண்டை. அது தான் பொற்காலம். அப்புறம் பேரி காலத்துல பின்னாடி போய் அம்மாவக் காப்பாத்திட்டான், காமிக்ஸ்ல வர்ற ஃப்ளாஷ்பாயிண்ட் கதை வருதுன்னு கொண்டாடி மாசக்கணக்கா காத்திருந்தோம், சீசன் 3 முதல் எபிசோட்லயே அத முடிச்சு மடிச்சு உள்ள வச்சுட்டானுங்க. மிச்சம் என்ன ஆச்சுன்னா சிஸ்கோவோட அண்ணன் செத்துட்டான், பக்கத்து சீரிஸ் ஆரோவுல டிக்கிளுக்கு இருந்த பொண்ணு பையனா மாறிடுச்சு. குரூப்ல அன்னிக்கு டிக்கிளுக்காக இரங்கல் கூட்டமே நடந்துச்சு.

அந்த வருஷ வில்லன் பேரு சாவிடார். காயத்ரி மந்திரத்துல வர்ற சவிதா தான், வேகத்தோட இந்துக் கடவுள்னு ஒரு டயலாக்கும் உண்டு, எங்க வீட்ல பெரியவர் ஒருத்தர் அதக் கேட்டுட்டு "சூரியன் டா அது"ன்னு டிவியப் பாத்துத் திட்டுனாரு. சாவிடார் எதிர்காலத்து பேரி தான்னு பாதிப் பேர் முன்னாடியே சொல்லிட்டாங்க, 20ஆவது எபிசோட்ல அத முகத்தக் காட்டிச் சொல்றப்ப யாருக்கும் தூக்கி வாரிப் போடல. ஆனா கடைசில டீம்ல இருந்த எச்.ஆர். ஐரிஸ் வேஷத்துல போய் உயிர விட்டது யாரும் எதிர்பாக்காதது.

எச்.ஆர்.னு சொன்னதும் இந்த சீரிஸ நான் விடாம இருந்த காரணத்தச் சொல்லியாகணும், நடிகர் டாம் கேவனா. முதல் சீசன்ல வீல்சேர்ல வர்ற ஹாரிசன் வெல்ஸ், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கற வில்லன் இயோபார்ட் தோன், அடுத்து சிடுமூஞ்சி ஹாரி, காபியும் ட்ரம் குச்சியுமா திரியுற எச்.ஆர்., பிரெஞ்சு வாடையோட பேசுற துப்பறியும் ஷெர்லோக், புதையல் தேடி அலையுற நாஷ். ஒரே மூஞ்சி, தலைமுடி கொஞ்சம் மாத்துனா போதும், தோள் நிக்கற விதத்துலயே யாருன்னு தெரிஞ்சிடும். சீசன் 1ல சிஸ்கோவ மகன் மாதிரின்னு பாசமா பேசிக்கிட்டே கைய அதிர வச்சு நெஞ்சுக்குள்ள விடுவாரு பாருங்க, குரலே உயராது. அங்கயும் ரெண்டு பேர் நின்னு பேசுறது தான், ஆனா மூச்சு விட மறந்துட்டுப் பாப்போம். சீசன் 4ல ஹாரிக்கு அறிவு கொஞ்சம் கொஞ்சமா மழுங்கிட்டே போகும், சாதாரண வார்த்தை தேடி திணறுவாரு, வீட்ல மறதி வந்த பெரியவங்களப் பாத்துக்கிட்டவங்களுக்கு அத முழுசா பாக்கறது கஷ்டம்.

சீசன் 5 வில்லன் சிகேடா பத்தி என்ன சொல்ல. மூச்சு வாங்கிட்டே பேசுவான், கத்திய எறிவான், பறந்து போயிடுவான், அடுத்த வாரமும் அதே. ஆனா அந்த சீசன் முடிவுல எதிர்காலத்து ஜெயில்ல இருந்துக்கிட்டே இயோபார்ட் தான் எல்லாத்தையும் ஆட்டி வச்சான், அந்தக் கத்தி உடையறதுக்குத் தான் இத்தன நாடகமும்னு தெரியறப்ப அட பாவின்னு எழுந்து நின்னேன். எதிர்காலத்துல இருந்து வந்த பேரியோட மக நோரா அப்பா அம்மா கையிலயே கரைஞ்சு போறது வேற. சீசன் 6ல செந்தில் ராமமூர்த்தி, அம்மாவ நோய்க்குப் பறிகொடுத்துட்டு சாவையே ஒழிக்கப் போறேன்னு கிளம்புற டாக்டர். பிளட்வொர்க்னு பேரு கொஞ்சம் காமெடியா இருந்தாலும் மனுஷன் நல்லா பண்ணாரு, பாதி சீசன்ல முடிச்சுட்டாங்க.

கொரோனா வந்து சீசன் 6 19 எபிசோடோட நின்னுச்சு, ஐரிஸ் கண்ணாடிக்குள்ள மாட்டிக்கிட்டா, நாங்களும் 2021 மார்ச் வரைக்கும் வெளிய மாட்டிக்கிட்டோம். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் வந்ததுக்குச் சொல்லலாம். ஸ்பீட் ஃபோர்ஸ் மாதிரி மனுஷ உருவத்துல வந்த சக்திகள் எல்லாம் எங்க பிள்ளைங்கன்னு பேரியும் ஐரிஸும் உருகறத சீசன் 7ல பாத்தப்ப குரூப்ல பாதிப் பேர் லெஃப்ட் ஆயிட்டாங்க. ஓடத் தெரிஞ்சவனுங்க மூணு பேர் மின்னல்ல வாள் செஞ்சு நின்ன இடத்துல கத்திச் சண்டை போட்டானுங்க, சத்தியமா, அது தான் சீசன் கிளைமாக்ஸ். 2023ல கடைசி எபிசோட், ஸூம், சாவிடார், காட்ஸ்பீட், இயோபார்ட்னு பழைய ஆளுங்க எல்லாரையும் ஒன்னா எழுப்பிக் கொண்டு வந்து மளமளன்னு முடிச்சுட்டு, கடைசி வில்லன் எடி தோனை பேரி எப்படித் தோக்கடிச்சான் தெரியுமா? பேசி. நின்னு. பேசி!

மொத்தமா 10க்கு 4. சீசன் 1 மட்டும் பாத்துட்டு நிறுத்திக்கலாம்னு நிறைய பேர் அட்வைஸ் பண்ணுவாங்க, அவங்க முடிவ மறந்துட்டாங்கன்னு அர்த்தம், ஊருக்கு மேல வானத்துல ஓட்ட விழுந்து பேரி அதுக்குள்ள ஓடறான், கட். அங்க எவன் நிறுத்துவான். அதனால சீசன் 2 வரைக்கும் பாக்கணும், அதோட முடிவு சீசன் 3க்குத் தள்ளி விடும், எச்.ஆர். செத்ததுக்கு அழுதுட்டு சீசன் 4க்குப் போவீங்க, குண்டு எபிசோட் வரும். தம்பி, இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடு, காரிடார் வந்தா பத்து செகண்ட் பத்து செகண்டா தள்ளி விட்டுக்கோ.